சிறுவர், பெரியவர், கேமரா

உப்பூருக்குக் கிழக்கே எங்கள் கழியில்
சித்திரை பிறந்த மூன்றாம் நாள்
கயிறு கட்டினார்கள்.
கிழிந்த வலையில் அறுத்த மிதப்புகள்.
சிவப்புப் பெயின்ட் காயாமலே இறக்கியதில்
மீன்குழம்பு மாதிரி தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது.
கயிற்றுக்கு அந்தப்புறம் நண்டுத்திட்டு.
திட்டில் ஆலாக்கள்.

ஆடி முடியும்வரை எஞ்சின் படகு போகக்கூடாது.
வாச்சர் கோட்டைச்சாமி தாளை ஒட்டிவிட்டு
என் டிக்கெட் கூண்டின் ஜன்னல் கம்பியில்
விரல் பசையைத் துடைத்தார்.
"மீனுக்கே அறுபத்தொரு நாள்தான்.
குருவிக்கு நாலு மாசமா?" என்றாள் திரேஸ்.
"மீன் கடலுக்குள்ள விடுது, யாரு பார்த்தா?
இது வெறும் மணல்ல வச்சிட்டு
வெயிலுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்குது."

எட்டுப் பெண்கள் சேர்ந்து வாங்கிய படகு.
மாதத் தவணை ஒன்பதாயிரத்து நானூறு.
"முட்டை போடுறவளுக்கு வட்டி கிடையாது"
என்று துப்பிவிட்டுப் போனாள் திரேஸ்.
நான் கூண்டைப் பூட்டவில்லை.
எங்கே போக?

வாச்சருக்கு எழுத்து கோணல்.
வள்ளத்தில் கம்பு ஊன்றிப் போய்
கயிற்றடியிலேயே நின்று
கண்ணாடி வைத்து எண்ணிவிட்டுக் கத்துவார்.
என் டிக்கெட் நோட்டில் நான் எழுதவேண்டும்.
நோட்டில் மூன்றே பத்திகள்:
பெரியவர், சிறுவர், கேமரா.
"முட்டைய எதுல எழுத?"
காற்றில் கேட்கவில்லை போல.
உட்கார்ந்திருந்தவை பெரியவர், நாற்பத்தாறு.
முட்டைகளைச் சிறுவரில் எழுதினேன்.
எழுபத்தொன்று.
மாசி மாதச் சனிக்கிழமைகளில்கூட
அந்தப் பத்தி இப்படி நிறைந்ததில்லை.

ஞாயிறு பூசையில் இருந்தேன்.
சாமியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது
கழிப்பக்கம் எஞ்சின் சத்தம்.
தெரிந்த சத்தம்தான்.
'சந்தியாகப்பர் துணை'க்கு மட்டும்
மூன்றாவது இழுப்பில்தான் உயிர் வரும்.
வீட்டில் அரிசி டப்பாவுக்குள்
நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், ஈரமாக.
"மதுரைக்காரங்க. கையெடுத்துக் கும்பிட்டாங்க.
திட்டுல காலே வைக்கல, பிலோமி" என்றார் கஸ்பார்.

காலை வைக்கவேண்டாம்.
படகு போய்விட்ட பிறகு,
போனதையே படகு மறந்துவிட்ட பிறகு,
சாவகாசமாக ஓர் அலை வரும்.
அதற்கு மணலில் ஒரு கையளவு குழி என்ன,
கால்தடம் என்ன.

மறுநாள் வாச்சர் கத்திய எண் ஐம்பத்திரண்டு.
"காத்துல கேக்கல, இன்னொரு தடவை" என்றேன்.
கேட்டிருந்தது.

ராத்திரி சோறு போட்டபோது
"எத்தனை போச்சு?" என்றார் தட்டைப் பார்த்து.
"ஐநூத்தி எழுபது."
"என்னது?"
"பத்தொம்பது சிறுவர். தலைக்கு முப்பது."
வாயருகே போன கை
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

விடிந்து பார்த்தேன்.
அறுபட்ட இடத்தில் புதுக் கயிறு,
எங்கள் வீட்டு நைலான், பச்சை.
அந்த முடிச்சை இந்தத் துறையில் ஒருவர்தான் போடுவார்.
வாச்சர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்,
இறுக்கமாக இருந்தது,
பீடி பற்றவைத்தார்.
தவணைக்கு அந்த மாதம் என் தோடு போயிற்று.
இதைத் திரேஸிடம் சொல்லவில்லை.
அவள் காதும் வெறுமையாகத்தான் இருந்தது.

கச்சான் வீசத் தொடங்கிய ஒரு பகலில்
சிவகாசியிலிருந்து ஒரு வேன்.
பாதிப்பேர் தாளைப் படித்துவிட்டு
வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.
ஒரு பையன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்.
"போட் எப்ப விடுவீங்க?"
"அதுங்க பறந்தப்புறம்."
"அதான் எந்தத் தேதி?"

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
நேற்றைய சிறுவர் பத்தியில்
கோட்டைச்சாமி சொல்லச் சொல்ல
சில எண்களைச் சுழித்திருந்தேன்.
"இப்பத்தான் ஆறு பேர் நடக்குறாங்க, தம்பி."